நாலு டம்ளர் பெட்ரோலும் ஒரு பக்க மீசையும்

புளியம்பாளையம் பைபாஸில் மூன்று அறிவாளிகள் கார் பட்டறை வைத்திருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் லீவில் இருக்கும்.

மேஸ்திரி நாச்சிமுத்து முன்பு கடலைக்காய் மண்டியில் படியளந்தவர். எதை அளந்தாலும் மண்டி வழக்கப்படி முதல் படிக்கு "ஒண்ணு" என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார் பந்தயம். "என் கார் உச்சிக்குப் போகலைன்னா ஒரு பக்க மீசையை எடுத்துக்கறேன்டா!" என்று எதிர்ப் பட்டறை திம்மராயனிடம் ஊரே கேட்கச் சவால் விட்டிருந்தார். அந்த மீசை குடித்த விளக்கெண்ணெயில் ஒரு லாரியே ஓடியிருக்கும்.

காருக்குப் புதிதாக நாலு இன்ஜெக்டர் மாட்டினார்கள். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சமாச்சாரம். நிமிஷத்துக்கு எவ்வளவு பீய்ச்சும் என்று சொல்லிவிட்டால், எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் காரின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டப்பாவில் நானூறு மில்லி என்று போட்டிருந்தது.

"டப்பாவை நம்பாதீங்க. நீங்களே அளந்து, வர்ற நம்பரை அப்படியே போடுங்க," என்றார் போனில் கோயமுத்தூர் எஞ்சினியர். பாவம், யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நாச்சிமுத்து ஒரு இன்ஜெக்டருக்கு அடியில் நூறு மில்லி டம்ளரோடு நின்றார். சீடன் செங்கோடன் கடிகாரத்தைப் பிடித்தான். இன்னொரு சீடன் ராக்கியப்பன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். நம்பர் காதில் விழுந்தால் ஒரு கோடு போடவேண்டும்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு!" நிமிஷம் முடிந்தது.

"மூணு டம்ளருங்கண்ணா," என்றான் ராக்கியப்பன்.

"நாலு ரொப்புனனேடா?"

"லாபம்ங்கறது நம்பருங்களா?"

நாச்சிமுத்து மீசையைத் தடவித் தடவி யோசித்தார். "இல்லையே."

"அப்ப அதுக்கு எப்படிங்க கோடு போடறது?"

மறுபடி அளந்தார்கள். மறுபடியும் மூணு.

"பொய்யா இருந்தா தடவைக்கு ஒண்ணு சொல்லுமுங்க," என்றான் செங்கோடன். "ரெண்டு தடவையும் மூணுன்னா சத்தியமுங்க!"

முந்நூறு மில்லி என்று தட்டினார்கள். கம்ப்யூட்டரும் நம்பியது. 'அய்யோ, சவலை இன்ஜெக்டர்!' என்று இரக்கப்பட்டு, கூடுதல் நேரம் திறந்துவைத்தது. பெட்ரோல் கொட்டியது, கரும்புகை கிளம்பியது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியெல்லாம் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டன.

மறுபடி போன். "காத்து பத்தலை, பெட்ரோல் ஜாஸ்தி," என்றார் எஞ்சினியர்.

"கேட்டீங்களா? காத்து பத்தலையாமா!" நாலு டயருக்கும் காற்றடித்தார்கள். புகை நிற்கவில்லை. ஸ்டெப்னிக்கும் அடித்தார்கள்.

பந்தயத்தில் மூன்றாவது வளைவு வரை கார் இருமிக்கொண்டே போனது. அங்கே ஸ்பார்க் பிளக்குகள் பெட்ரோலில் தலைமுழுகிவிட, நின்றேவிட்டது. பின்னாலேயே பட்டறை நாயும் சீடர்களும் வந்து சேர்ந்தார்கள். திம்மராயனும் வந்தான், கையோடு சலூன்காரரைக் கூட்டிக்கொண்டு.

வலப்பக்க மீசை விழுந்தது. "லாபம்," என்றார் நாச்சிமுத்து, பழக்கதோஷத்தில்.

"ஆச்சு, எந்திரிங்க," என்றான் திம்மராயன், பெருந்தன்மையாக.

"அதெப்படிங்க?" என்று மறித்தான் ராக்கியப்பன். "எங்கண்ணன் சொன்ன வாக்கு ஒரு பக்கம். லாபம் கணக்குல வராதுங்க. அந்த ஒண்ணு இன்னும் பாக்கி!"

நாச்சிமுத்து மிச்சமிருந்த மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். ஆனாலும் வாக்கு வாக்குதானே? இடப்பக்கத்தையும் காட்டினார். "ரெண்டு."

"ரெண்டு வந்துருச்சு. ஒண்ணு எங்கீங்க?" என்று பதறினான் செங்கோடன்.

வலப்புருவம் மூணு. இடப்புருவம் நாலு. தலை அஞ்சு. சீடர்களின் மீசை ஆறு, ஏழு. திம்மராயன் தன் மீசையைப் பொத்திக்கொண்டு எப்போதோ ஓடியிருந்தான். ஒண்ணு மட்டும் அகப்படவே இல்லை.

"முடி இருக்கற வரைக்கும் தேடுவோம்," என்று மூவரும் மெல்ல நாயின் பக்கம் திரும்பினார்கள்.

நாய் ஒரே ஓட்டமாக மலையேறியது. அந்தப் பட்டறையிலிருந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒண்ணுதான்.