பச்சைக் கிளி போட்ட கோஷம்

குளிர்நாட்டுக் குளக்கரையில் ஓர் ஓக் மரம் நின்றது. அதன் மேல்பொந்தில் சுகேந்திரன் என்ற கிளியும் அவன் மனைவி மரகதமும் வாழ்ந்தார்கள். கீழ்ப்பொந்தில் ஒரு மைனா. மூவரின் முன்னோரும் ஒரே மாந்தோப்பிலிருந்து ஒரே கூண்டில் கப்பலேறி வந்தவர்கள்.

அந்தத் தோப்பில் இப்போது, "தோப்பு கிளிகளுக்கே; மைனாக்கள் வெளியேறட்டும்" என்று ஓர் இயக்கம் நடந்தது. தோப்பைக் கண்ணாலும் கண்டிராத சுகேந்திரனுக்குத்தான் அதில் வேகம் அதிகம். குளிருக்குத் தெற்கே பறக்கும் தகைவிலான் குருவிகளிடம் தவறாமல் வீரச் செய்தி சொல்லி அனுப்புவான்.

குளக்கரையிலும் ஓர் இயக்கம் கிளம்பியது. "வந்த பறவையே, போய்விடு" என்பது அதன் கோஷம். தலைவர் அண்டங்காக்கை. சுகேந்திரன் ஓடிப்போய்ச் சேர்ந்தான்.

"ஐயா, எங்கள் தோப்பிலும் இதே தொல்லைதான். நீங்களும் நாங்களும் பழம்பெரும் குலம். மூக்கைப் பாருங்கள், இரண்டுமே வளைவு."

அண்டங்காக்கை தன் மூக்கைக் குளத்து நீரில் பார்த்துக்கொண்டது. அதற்குக் கட்டைத் தொண்டை. கோஷம் போட ஆள் தேவைப்பட்டது.

"சரி, நீயே கத்து" என்றது.

முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த மரகதம் கேட்டாள்: "என்னங்க, நாமளும் வந்தவங்கதானே?"

"நாம் விருந்தாளிகள். மைனாதான் வந்தேறி."

"இதை அந்தக் காக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லாமலே அவருக்குப் புரியும்."

குளிர்காலக் கடைசியில் ஊர்வலம் ஓக் மரத்துக்கு வந்தது. சுகேந்திரன் முன்னால் பறந்து முழங்கினான். அண்டங்காக்கை கீழ்ப்பொந்தை எட்டிப் பார்த்தது.

"இது நம் ஊர்ச் சூறைக்குருவி மாதிரி இருக்கிறதே. அதே முகம், அதே நடை."

இதில் தவறு சொல்ல முடியாது. பறவை நூலோரும் மைனாவையும் சூறைக்குருவியையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பிறகு அது நிமிர்ந்தது. "இலையே இல்லாத மரத்தில் பச்சையாக நிற்பது யார்?"

"நான்தான் ஐயா. உங்கள் கோஷக்காரன்."

"நம் கோஷம் என்ன?"

"வந்த பறவையே, போய்விடு."

"அழகாகச் சொன்னாய். போ."

காக்கைகள் பாய்ந்தன. வால் இறகு பாதி போய், சுகேந்திரன் ஒரு புகைபோக்கியின் பின்னால் ஒளிந்தான். பழக்கதோஷத்தில் அங்கேயும் கோஷத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

அண்டங்காக்கை மேல்பொந்துக்குத் தாவியது. அதற்குள் மைனா, மரகதமும் முட்டைகளும் உள்ளே இருக்க, அந்தப் பொந்தின் வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டது.

"இதுவும் என் வீடுதாங்க. கொஞ்சம் பெரிய குடும்பம்."

சூறைக்குருவிக்கு இரண்டு பொந்து இருப்பதில் அண்டங்காக்கைக்கு ஆட்சேபம் இல்லை. அது போய்விட்டது.

பொழுது சாய்ந்ததும் சுகேந்திரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"உள்ளே வரலாமா?"

மைனா நகர்ந்து வழிவிட்டது. "வாங்கண்ணே. சத்தம் போடாம வாங்க. முட்டை பொரியிற நேரம். குஞ்சுங்க காதுல முதல்ல விழுறது அந்தக் கோஷமா இருக்க வேணாம்."

பிறரைத் துரத்தக் கோஷம் போடுகிறவர், அது தமக்கும் பொருந்துகிறதா என்று முதலில் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.