நாரை மரத்துக்குக் குடிபோன தவிட்டுக்குருவி

ஒரு கண்மாய்க் கரையில் இலந்தைப் புதர்கள் அடர்ந்து கிடந்தன. அந்தப் புதர்களில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் குடியிருந்தது. குடியிருந்தது என்பதைவிடக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது என்றால் பொருத்தமாக இருக்கும்.

தவிட்டுக்குருவிகளுக்கு எல்லாவற்றுக்கும் சத்தம் வேண்டும். சருகைப் புரட்டிப் புழு எடுத்தால் சத்தம். புழு கிடைக்காவிட்டால் இன்னும் கூடுதல் சத்தம். ஒன்றின் காலை இன்னொன்று மிதித்துவிட்டால் அன்றைக்குக் கரையே இரண்டுபடும்.

ஆனால் கூட்டத்தில் யார் வீட்டிலாவது குஞ்சு பொரித்துவிட்டால் போதும், சண்டையெல்லாம் போன இடம் தெரியாது. பெரியம்மா, சித்தி, அத்தை, மாமன் என்று எல்லோரும் அந்தக் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டுவார்கள். பெற்றவள் ஊட்டியது எது, மற்றவள் ஊட்டியது எது என்று குஞ்சுக்கே தெரியாது. அது அவர்கள் குல வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் பூவாயி என்று ஒரு குருவி. அவள் புருஷன் பெயர் தவசி. போன தடவை பூவாயி இட்ட முட்டைகளை ஒரு கீரி வந்து குடித்துவிட்டுப் போனது. கூட்டமே கூடிக் கத்தியும் கீரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பூவாயி அழுதாள். அவள் அழுததைப் பார்த்துத் தவசியும் அழுதான்.

மறுபடி முட்டையிடும் காலம் வந்தது.

"இந்தக் கரையில இனி நான் கூடு கட்ட மாட்டேன்!" என்றாள் பூவாயி.

"பிறகு எங்கே கட்டப் போறே?"

"அங்கே!"

கண்மாயின் நடுவில் ஒரு பெரிய கருவேல மரம் நின்றது. சுற்றிலும் தண்ணீர். மரம் நிறைய நாரைக் கூடுகள். அந்தத் தண்ணீரைத் தாண்டிக் கீரியும் வராது, பூனையும் வராது.

தவசியின் அக்கா அங்காயி இதைக் கேட்டதும் ஓடி வந்தாள்.

"ஏ பூவாயி! கூட்டத்தை விட்டுட்டு ரெண்டு பேரு மட்டும் போயி எப்படித் தாயி குஞ்சு வளர்ப்பீங்க?"

"மதினி, உங்க பேச்சைத் தட்டுறேன்னு நினைக்காதீங்க. குஞ்சு உசுரோட இருந்தாத்தானே வளர்க்க முடியும்?"

பூவாயி சொன்னதில் தப்பும் இல்லையே!

தவிட்டுக்குருவிகளுக்கு நெடுந்தூரம் பறக்க வராது. தண்ணீரில் தலை நீட்டிக்கொண்டிருந்த புதர்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இருவரும் நாரை மரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பேச்சே இல்லை. நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அலகைத் தட்டி 'டக் டக்' என்றன. புதிதாக வந்தவர்களை ஒரு பார்வை பார்த்தன. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அந்த ஒரு பார்வையிலேயே பூவாயி தவசியோடு ஒட்டிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? இங்கே சத்தமே ஆகாது போலிருக்கு!" என்று புருஷன் காதில் சொன்னாள்.

"யாரு சொன்னது?"

"எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்வாங்களா? பெரிய இடம். நாமதான் பார்த்து நடந்துக்கணும். விரட்டிவிட்டா மறுபடி கீரி வாயிலதான் போய் விழணும்!"

அன்றிலிருந்து தவசியும் பூவாயியும் குசுகுசுவென்றே பேசினார்கள். தவிட்டுக்குருவி குசுகுசுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? யாருமே பார்த்ததில்லை. அந்த மரத்தில்தான் அது முதல் தடவையாக நடந்தது.

பூவாயி இட்ட முட்டைகளில் ஒன்றுதான் பொரித்தது. பெண் குஞ்சு. கண் திறந்தது, சிறகு முளைத்தது, கொழுகொழுவென்று வளர்ந்தது. எந்தக் கீரியும் எட்டிப் பார்க்கவில்லை. பூவாயி நிம்மதியாகத் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

குஞ்சுக்குப் பேச்சி என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் பேச்சி. பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை.

மருமகளைப் பார்க்க அங்காயி ஒருநாள் வந்தாள். கொண்டுவந்த பச்சைப் புழுவைக் கிளையில் வைத்துவிட்டுத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"எங்கடி என் மருமக? அத்தை வந்திருக்கேன் பாரு!"

பூவாயி பதறிப் போனாள். "மெதுவா மதினி, மெதுவா! அக்கம்பக்கத்துல பார்க்கிறாங்க!"

அங்காயியின் முகம் சுருங்கிவிட்டது.

"எந்தம்பி வீட்டுல நான் வாயைத் திறக்கக் கூடாதா? சரி தாயி. நல்லா இருங்க!"

புழுவை அங்கேயே விட்டுவிட்டுப் போனவள்தான். பிறகு வரவே இல்லை. அவள் வராததால் மற்றவர்களும் வரவில்லை. ஊரே ஊட்ட வேண்டிய குஞ்சுக்குத் தவசியும் பூவாயியும் மட்டும் தண்ணீரைத் தாண்டிக் கரைக்குப் போய்ப் போய் இரை தேடிக் கொண்டுவந்தார்கள். இருவருக்கும் இறக்கை ஓய்ந்து போயிற்று.

பேச்சி என்ன செய்தாள்? கண்ணெதிரே யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துத்தானே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும்? அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பசித்தால் தன் குட்டி அலகைத் தட்டி 'டிக் டிக்' என்றாள்.

"எவ்வளவு அடக்கமான பிள்ளை!" என்று பூவாயி பூரித்துப் போனாள்.

தவசிக்கு மனசு ஒப்பவில்லை. "பூவாயி, நம்ம குரலை இதுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு. 'கிர்ர்ர்'னு சத்தம் கேட்டாப் புதருக்குள்ள பாயணும்னு தெரிய வேண்டாமா?"

"இங்கே ஏது புதரு? ஏது பயம்? சும்மா இருங்க!"

தவசி சும்மா இருந்தான். அது அவன் செய்த தப்பு.

பேச்சிக்குப் பறக்க வந்தது. இனி அவளே இரை தேட வேண்டும். தண்ணீரில் சருகு ஏது, புரட்டுவதற்கு? அதனால் பெற்றவர்கள் அவளைக் கரைக்கு அழைத்துப் போனார்கள்.

கரையில் இருந்த சின்னக் குருவிகள் எல்லாம் பேச்சியைச் சூழ்ந்துகொண்டன.

"ஏன் ஒத்தைக் கால்ல நிக்கிறே? முள்ளு குத்திருச்சா?"

'டிக் டிக்' என்றாள் பேச்சி.

சின்னக் குருவிகள் விழுந்து விழுந்து சிரித்தன. அங்காயி சற்றுத் தள்ளிச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஓரக்கண்ணால் மருமகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்போது மேலே காவலுக்கு உட்கார்ந்திருந்த மாமன் குருவி வீறிட்டது.

"கிர்ர்ர்! கிர்ர்ர்!"

வல்லூறு!

கண்மூடித் திறப்பதற்குள் எல்லாக் குருவிகளும் புதருக்குள் பாய்ந்துவிட்டன. பூவாயியும் தன்னை அறியாமல் பாய்ந்துவிட்டாள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், பேச்சி வெட்டவெளியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அதுவும் ஒற்றைக் காலில்!

வல்லூறு வந்தால் நாரைகள் அப்படித்தான் நிற்கும். நாரைக்கு வல்லூறு ஒரு பொருட்டா? ஆனால் தவிட்டுக்குருவிக் குஞ்சுக்கு அது எமன் அல்லவா!

பூவாயி கத்த வாயைத் திறந்தாள். ஐயோ பாவம், குசுகுசுத்துப் பழகிய தொண்டை! "பேச்சி…" என்று காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றாள். இந்தத் தடவை "கிர்ர்ர்!" என்று அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பேச்சி திரும்பிப் பார்த்தாளே தவிர நகரவில்லை. அவளுக்கு அது வெறும் சத்தம்.

வல்லூறு சர்ரென்று இறங்கியது.

அதைவிட வேகமாகப் புதரிலிருந்து ஒரு குருவி பாய்ந்தது. அங்காயி! ஓடிய வேகத்தில் பேச்சியை முட்டித் தள்ளினாள். பேச்சி உருண்டு போய் இலந்தை முள்ளுக்குள் விழுந்தாள். வல்லூறின் நகத்தில் அங்காயியின் வால் மாட்டிக்கொண்டது.

"எங்க அக்காவை விடுறா!" என்று தவசி வெளியே பாய்ந்தான். பூவாயி பாய்ந்தாள். கூட்டம் முழுவதும் பாய்ந்தது. தலையைக் கொத்தியது ஒன்று, இறக்கையைப் பிடித்து இழுத்தது ஒன்று. எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலில் வல்லூறுக்குக் காதே அடைத்துவிட்டது. அங்காயியின் வால் இறகுகளோடு அது தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடிப் போனது.

பூவாயி பேச்சியைத் தடவித் தடவிப் பார்த்தாள். முள் கீறியதைத் தவிர ஒரு காயமும் இல்லை. பிறகு அங்காயியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மதினி! உங்க வாலு போச்சே!"

"போனாப் போகுது! வாலு முளைக்கும். மருமக முளைப்பாளா?" என்றாள் அங்காயி.

"நான் என்ன செய்வேன் மதினி? இங்கே இருந்தா முட்டை தங்காது. அங்கே இருந்தா என் பிள்ளைக்கு நம்ம குரலே தெரியாமப் போகுது!"

"அங்கே சத்தம் போட்டா என்னடி?"

"விரட்டிவிட்டா?"

"கேட்டியா?"

பூவாயி கேட்கவே இல்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பயந்து பயந்து பெரிய நாரையின் முன்னால் போய் நின்றாள்.

"நாரையம்மா, இனிமே என் பிள்ளை சத்தம் போடுவா. என் சொந்தபந்தமெல்லாம் வந்து சத்தம் போடும். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க போயிடறோம்."

நாரை கழுத்தை வளைத்து அவள் பக்கம் குனிந்தது. பிறகு நாரை வாயைத் திறந்தது. புஸ்ஸென்று ஒரு குரல் வந்தது.

"சத்தம் போடக் கூடாதுன்னு நாங்க எப்பம்மா சொன்னோம்?"

"நீங்க பேசவே இல்லையே!"

"எங்களுக்குத் தொண்டை இவ்வளவுதான். வச்சுக்கிட்டா இல்லைங்கிறோம்? தவிட்டுக்குருவி குடிவந்திருக்கு, இனி மரம் கலகலன்னு இருக்கும்னு ஆசையா இருந்தோம். நீங்க எங்களைவிட ஊமையா இருந்தீங்க! காக்கா வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போகும்போது கத்தக்கூட எங்களால முடியலை. நீங்க கத்தினா எங்களுக்குப் புண்ணியம்தான்!"

பூவாயிக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கரையைப் பார்த்துத் திரும்பி, முழுத் தொண்டையில் கூப்பிட்டாள்.

"மதினி! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

வந்தார்கள். வாலில்லாத அங்காயி தடுமாறித் தடுமாறி முதல் ஆளாக வந்தாள். அன்றிலிருந்து மரத்தில் ஒரே அமளி. ஆளுக்கொரு புழுவோடு வந்து பேச்சிக்கு ஊட்டினார்கள். ஊட்டும்போதே கத்தவும் பழக்கினார்கள். முதலில் அவளுக்குக் 'கிக்' என்றுதான் வந்தது. அதற்கே எல்லோரும் ஆகா ஓகோ என்று ஆரவாரம் செய்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காக்கை சத்தமில்லாமல் நாரைக் கூட்டை நோட்டம் விட்டது. பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

"கிர்ர்ர்! கிர்ர்ர்!"

பேச்சிதான்! மரமே திடுக்கிட்டது. தவிட்டுக்குருவிகள் பாய்ந்து வந்தன, நாரைகள் அலகை நீட்டிக்கொண்டு எழுந்தன, காக்கை வந்த வழியே ஓடியது. பூவாயி மகளின் குரலைக் கேட்டுக் கண் கலங்கி நின்றாள். இனி எந்தக் கரைக்குப் போனாலும் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே, பிள்ளைகளுக்காகப் பத்திரமான இடம் தேடிக் குடிபோவது நல்லதுதான்; ஆனால் யாரும் கேட்காதபோதே பயந்து நம் குரலையும் உறவையும் விட்டுவிட்டால், ஆபத்து வரும் நேரத்தில் நாம் கூப்பிடுவது நம் பிள்ளைக்கே புரியாமல் போய்விடும்.