செவலைக் காளையின் மஞ்சள் துணி

தீர்ப்புச் சொல்ல எல்லோருக்கும் ஆசைதானே? இதற்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு சிற்றரசரின் தங்கை குமுதவல்லி. மாடுகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஏழு நாள் பட்டினி கிடந்து அண்ணனிடம் ஓர் ஆணை வாங்கினாள்: கழுத்தில் புண்ணுள்ள மாட்டின் கொம்பில் மஞ்சள் துணி கட்ட வேண்டும்; அது ஆறும்வரை நுகத்தில் பூட்டக் கூடாது. இனி மாட்டு வண்டியில் ஏறுவதில்லை என்று சபதமும் எடுத்தாள். தொழுவம் தொழுவமாகப் பல்லக்கில் போய்த் துணி கட்டினாள்.

பல்லக்கைச் சுமப்பவர்கள் நால்வர்; முன்னால் மூக்கனும் சடையனும். மூக்கனின் தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஒருநாள் குமுதவல்லி ஒரு செவலைக் காளையின் கழுத்தில் வேப்பெண்ணெய் தடவி, கொம்பில் துணி கட்டி, "பாவம்டா நீ" என்றாள். வாசலில் நின்ற மூக்கனுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கையின் மேல், எண்ணெயின் மேல், காளை கண்மூடி அசைபோட்ட சுகத்தின் மேல் பொறாமை. போயும் போயும் ஒரு மாட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்ற வெட்கம் வேறு.

அவள் அடுத்த தொழுவத்துக்குள் போனதும், துணியை அவிழ்த்துத் தன் தோளில் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். துணியில்லாத காளையை வண்டிக்காரன் பூட்டிப் போனான். அது திரும்பி வந்தபோது கழுத்தில் ரத்தம் வழிந்தது.

"வாயில்லா ஜீவன்கிட்டயா திருடுவே?" குமுதவல்லி துடித்துப்போனாள்.

"எனக்கு வாய் இருந்து என்னம்மா ஆச்சு? நீங்க வண்டியை விட்டதுலேருந்து ஆறு வருஷமா உங்களைச் சுமக்கிறேன். என் தோளை ஒரு தடவை பாத்தீங்களா?"

சடையன் துணியை வாங்கிக் காளைக்கே கட்டினான். "அது உன்னை என்னடா பண்ணுச்சு? விடு, உன் பங்கையும் நானே தூக்குறேன்" என்று பல்லக்குத் தண்டைத் தோளில் ஏற்றினான்.

காளைக்காகப் பட்டினி கிடந்தவள், துணியை எடுத்தவன், திருப்பிக் கட்டியவன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

முழுச் சரி யாருமில்லை. குமுதவல்லி கேட்டது நியாயம். ஆனால் காளையின் கழுத்திலிருந்து இறக்கிய பாரத்தை மூக்கனின் தோளில் ஏற்றிவிட்டாள். மூக்கனின் பொறாமையும் நியாயம்தான், ஆள்தான் தப்பு. பாரமே ஏறாத தோள் அங்கே ஒன்று இருந்தது. அது காளையுடையது அல்ல. சடையன் துணியைக் கட்டியது சரி, தண்டைத் தூக்கியதுதான் பிசகு; அவன் தூக்கும்வரை அவள் இறங்கி நடக்க வேண்டியதில்லையே. மறுநாள் நால்வரில் ஒருவரும் தூக்கவில்லை. கால் கொப்புளிக்க நடந்து தொழுவத்துக்கு வந்த குமுதவல்லி, அன்றுதான் முதல்முறையாக மூக்கனின் தோளைப் பார்த்தாள்.