யாரும் வராத வீடு

இருட்டியபின் கதவுச் சங்கிலி கிணுங்கியது.

பூவாத்தாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தாழ் போடாத கதவு இழுத்ததும் திறந்துகொண்டது. வெளியே யாரும் இல்லை. சரிவில் மூங்கில்கள் சாய்ந்து நிமிர்ந்தன.

ஆடி வெள்ளத்தில், அரிசி வாங்க ஆற்றைக் கடந்த சடையன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் வெளிச் சங்கிலியை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அவன் போன நாள் முதல் அவள் கதவைத் தாழிடவில்லை.

இப்போது மலையிலிருந்து சிறுத்தை இறங்கியிருந்தது. பக்கத்துத் தொழுவத்தில் கன்று ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. பூவாத்தாளின் குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனாள். கணவனும் மனைவியுமாக அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

"சாமி, அவர் தினமும் வருகிறார். சங்கிலி கிணுங்குகிறது. புத்தி பேதலித்து அலைகிறாரோ என்னவோ, நான் போவதற்குள் ஒதுங்கிவிடுகிறார். குழந்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் தாழ் போடக் கை வரவில்லை."

"அவன் வராவிட்டால் சங்கிலி எத்தனை தடவை கிணுங்கும், தாயி?"

"வராவிட்டால் எதற்குக் கிணுங்கும்?"

குரு அவளை அழைத்துக்கொண்டு நடந்தார். அவள் குடிசைக்கு அடுத்த குடிசை ஆளில்லாமல் கிடந்தது. அதே திசை பார்த்த வாசல், அதே மாதிரிச் சங்கிலி.

"இங்கே யார் வருவார்?"

"யாரும் வரமாட்டார்கள்."

"ஒரு ராத்திரி இங்கே உட்கார். மறு ராத்திரி உன் வீட்டில். அமாவாசை வரைக்கும் மாறி மாறி. கிணுங்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைக் கலயத்தில் போடு. அந்த வீட்டுக்கு ஒரு கலயம், இந்த வீட்டுக்கு ஒரு கலயம். அதுவரை பிள்ளை என்னிடம் தூங்கட்டும்."

அவள் கிளம்பினாள்.

"நில். உன் வீட்டுக் கலயத்தில் எவ்வளவு கூடினால் அவன்தான் என்பாய்?"

"ஒன்று கூடினாலே போதும் சாமி."

"காற்று எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி அடிக்குமா?"

"இல்லை."

"அப்படியென்றால் கொஞ்சம் கூடுவதும் குறைவதும் காற்றுக்கே உண்டு. யோசித்து இப்போதே சொல். கொட்டையைப் பார்த்துவிட்டால் மனசு பேரம் பேசும்."

அவள் விரல்விட்டு ராத்திரிகளை எண்ணினாள். "இரட்டிப்பு" என்றாள்.

அருகே சரிவில் குருவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்த சீடன் காளிங்கன் சிரித்தான். "புளியங்கொட்டையை எண்ணிப் புருஷனைக் கண்டுபிடிக்கிறாயாக்கும்? என் கோவணம் ஒன்று காணாமல் போயிருக்கிறது, அதையும் சேர்த்து எண்ணேன்."

"உன் வேலையைப் பார்" என்றார் குரு.

முதல் ராத்திரி அவள் ஆளில்லாத குடிசையில் உட்கார்ந்தாள். சங்கிலி கிணுங்கியது. பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். யாருக்காக எழுந்தோம் என்று உறைத்ததும் அப்படியே தரையில் சரிந்தாள். அதே சத்தம். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. அவன் இல்லாத ராத்திரி எப்படி ஒலிக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கொட்டையைக் கலயத்தில் போட விரல் விரியவில்லை. போட்டாள்.

அமாவாசைக்கு மறுநாள் குரு இரண்டு கலயங்களையும் கவிழ்த்தார். இதில் ஒன்று, அதில் ஒன்று என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனார். கடைசியில் அத்தனை ஜோடிகளுக்கும் மேல் அவள் வீட்டுக் கலயத்தில் நாலே கொட்டைகள் மிஞ்சின.

அவள் அவற்றைப் பாய்ந்து அள்ளினாள். "நாலு கூட இருக்கிறது சாமி!"

"இரட்டிப்பு என்றாய்."

"அப்போது ஏதோ தெரியாமல் சொன்னேன்!"

"இப்போது மட்டும் என்ன தெரிந்துவிட்டது? கொட்டை தெரிகிறது. அவ்வளவுதானே?"

அவள் கை மெல்ல விரிந்தது.

"அப்படியானால் செத்துவிட்டார் என்கிறீர்களா?"

"நான் சொல்லவில்லை. கொட்டையும் சொல்லவில்லை. அவன் வந்தான் என்று சொல்ல இது பற்றாது. அதற்குமேல் இதைக் கேட்காதே, இதற்குத் தெரியாது."

"தாழ் போட்ட பிறகு அவர் வந்துவிட்டால்?"

"தப்புதான்."

"போடாமல் விட்டு, அவர் வராமல், சிறுத்தை..." அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"அதுவும் தப்புதான். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் எடுத்துவிட எனக்கு வழி தெரியாது, தாயி. எது வந்தால் உன்னால் தாங்க முடியும் என்று நீதான் பார்க்க வேண்டும்."

குழந்தை அவர் மடியில் ஏறி, துண்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

"அவரை இருட்டில் வெளியே நிற்க வைப்பேனா சாமி? கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று நிற்பாரே!"

குரு குழந்தையை அவளிடம் நீட்டினார்.

"நிற்பான். பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று மனசு ஆறி நிற்பான்."

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

பொழுது சாய்ந்ததும் அதைத் தூங்கவைத்தாள். ஆடியிலிருந்து அசையாத தாழ் துருவேறி இறுகியிருந்தது. விளக்கெண்ணெய் தொட்டுத் தடவினாள். கதவில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இரண்டு கையாலும் தள்ளி, உள்ளிருந்து தாழிட்டாள்.