மரத்துப் போனதைக் கேட்டவர்

தென்காசிப் பக்கம் ஒரு வீட்டைப் பேச்சு வீடு என்பார்கள். மனசில் பாரம் உள்ளவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். அதைக் கேட்பதுதான் அங்கே வைத்தியம். நடத்தியவர் மரியபுஷ்பம், முன்பு நர்ஸாக இருந்தவர், வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராகச் சேர்ந்தவர் சங்கரலிங்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்து மூன்று. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? முப்பத்தெட்டு வருடம் பேசியே பிழைத்த மனுஷர், இப்போது கேட்கப் படிக்க வந்திருந்தார்.

ஒருநாள் காலை அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், அழவே அழாத ஆள்கிட்ட என்னத்தைக் கேக்க?"

மரியபுஷ்பம் எதிரே உட்கார்ந்தார். "யாரு, இசக்கியம்மாளா?"

அவளேதான். பீடி சுற்றுகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் புருஷன் லாரி மோதிச் செத்தான். அதன்பிறகு ஒருநாள் அவள் கிணற்று விளிம்பு வரை போய்விட்டாள். பார்த்தவர்கள் இழுத்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். உயிர் தங்கியது. பேசினால் இன்னும் தேறுவாள் என்று அவர்தான் இங்கே அனுப்பினார்.

பதினொரு வாரமாக வருகிறாள், புருஷன் செத்த கதையை பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொல்கிறாள் என்று சங்கரலிங்கம் முறையிட்டார். ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் துக்கம் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொன்னாராம். அவள் நாள் தவறாமல் மூன்று என்று எழுதி வந்தாளாம். இவர் அதன் கீழே சிவப்பு மையில் 'முயற்சி தேவை' என்று எழுதிக் கொடுத்தாராம். துக்கத்துக்கு முயற்சி தேவை என்று எழுதிய முதல் மனிதர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார்.

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. மேலே சொல்லச் சொன்னார்.

சங்கரலிங்கத்துக்கு அது போதும். மாத்திரைதான் அழுகைக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கிறது என்றார். தான் படித்த நாலு புத்தகத்தை எடுத்துவிட்டார். பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில்தான் குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தார்.

"மாத்திரையை நிறுத்தப் போறேன்னு நேத்து சொன்னா டீச்சர். நான் ஒண்ணும் சொல்லல. அழுதான்னா எனக்கு வேலை நடக்கும்னு நெனச்சேன்."

மரியபுஷ்பம் சன்னலைக் காட்டினார்.

"அந்த சன்னலைச் சாத்துங்க சார்."

எழப் போனவர் அப்படியே சாய்ந்து சுவரைப் பிடித்தார்.

"என்ன சார்?"

"கால் மரத்துப் போச்சு டீச்சர்."

"எந்தக் காலு?"

"இடது."

"அதுலதான் உணர்ச்சியே இல்லையே. இடதுன்னு எப்படித் தெரியுது?"

"உணர்ச்சி இல்லைங்கறது தெரியுதே..."

சொல்லும்போதே அவர் வாய் நின்றுவிட்டது. பதினொரு வாரமாக அவளிடம் இந்த மரத்துப் போனதைத்தானே அவர் கேட்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்றும் உறைத்தது. நேற்றுச் சும்மா இருந்தது எவ்வளவு பெரிய பாவம்! செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

இசக்கியம்மாள் வீட்டு நடையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை போட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். நேற்று ராத்திரி போடவில்லை என்றாள். ஒரு வேளைதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"நான் நேத்து தப்புப் பண்ணிட்டேன்மா. நீயா அதை நிறுத்தக் கூடாது. டாக்டர்கிட்ட நாம போய்ச் சொல்லுவோம். அவரு பார்த்து மாத்துவாரு."

அவள் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. துக்கம் எவ்வளவு, துக்கம் எவ்வளவுன்னே இத்தனை நாளும் கேட்டேன். ஒண்ணுமே தெரியாம இருக்கியே, அது எப்படி இருக்கு?"

அவள் கையில் இருந்த இலை அப்படியே நின்றது.

"எம்மவ ஓட்டப்பந்தயத்துல மொதல்ல வந்தா சார். கப்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. சந்தோசப்படணும்னு எனக்குத் தெரியும். நல்லாருக்கு தாயின்னு சொன்னேம்லா. அவ எம் மூஞ்சியைப் பாத்தா. கப்பை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா. அதுலேர்ந்து எங்கிட்ட எதையும் காட்டுததே இல்ல. பிள்ளைக்காகத்தான் சார் நிறுத்தலாம்னு பாத்தேன்."

அவளாக இவ்வளவு பேசியது அன்றுதான். சங்கரலிங்கம் மண்தரையில் உட்கார்ந்து கேட்டார்.

மறுநாள் இருவரும் போய்ச் சொல்ல, டாக்டரும் கேட்டார். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கோபித்துக்கொண்டு, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். வாரா வாரம் வந்து காட்டச் சொன்னார். பேச்சு வீட்டில் நோட்டு காணாமல் போனது. எதெது எட்டவில்லை என்பதையே அவள் வாரா வாரம் சொன்னாள். குழம்பில் புளிப்புத் தெரிகிறது, ருசி தெரியவில்லை என்றாள். பிள்ளையின் தலையைக் கோதினால் முடி மட்டும்தான் கைக்குத் தெரிகிறது என்றாள். சங்கரலிங்கம் கஷ்டப்பட்டு வாயை அடக்கிக்கொண்டு கேட்டார்.

மருந்து மாற்றிய ஒன்பதாவது வாரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், உடனே ஆரம்பித்தாள்.

"நேத்து எம்மவ மாரிச்செல்வி கீழ விழுந்துட்டா சார். முழங்கால்ல ரெத்தம். பாத்த ஒடனே எனக்கு இங்க..." நெஞ்சைத் தொட்டாள். "இங்க சுருக்குன்னுச்சு."

சங்கரலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, இதுதான் மாற்றம், இதை இப்படித்தான் புத்தகத்தில் என்று அவர் தொடங்கிவிட்டார்.

"சார், கொஞ்சம் வாயை மூடுங்க. நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன்."

முப்பத்தெட்டு வருடத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்கூட அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் வாயை மூடினார். அவள் மகளைத் தூக்கி மடியில் வைத்ததைச் சொன்னாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள். பேச்சு அப்படியே லாரிக்குப் போனது, ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனது, புருஷனின் ஒற்றைச் செருப்பைத் தேடித் திரிந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வெடித்து அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த மனுஷன் செருப்பை எப்போதும் வாரை அறுத்துத்தான் வைப்பான் என்று சொல்லிச் சிரித்தாள். மறுபடி அழுதாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

சங்கரலிங்கம் செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. மரியபுஷ்பம் அங்கே அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், அவ என்னைத் திட்டிட்டா."

அதைச் சொல்லும்போது, மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் தகப்பனைப் போல நின்றார். அழுததைச் சொன்னார், சிரித்ததைச் சொன்னார். மரியபுஷ்பத்தின் முகமெல்லாம் மலர்ந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். அவளைத் தொறந்தது மாத்தின மருந்தா, நாம கேட்ட கேள்வியா?"

மரியபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு, செம்பை வாங்கி நிரப்பி அவர் கையில் கொடுத்தார்.

"அவளுக்குத் தாகம் எடுத்திருக்கு சார். தண்ணியைக் கொண்டு போங்க."