பதினாறு பென் டிரைவ்

கோமதிநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்று.

நாயகம் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். தன்னைவிட்டால் ஊரில் ஆள் இல்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. பார்வையற்ற பெண்களுக்கான விடுதியில் ஒரு கணினி ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் திருகிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

அங்கே கணினி சொல்லித்தரும் ரெஜினா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது.

"பாட்டை நிறுத்திட்டு ஒரு தடவை ஆன் பண்ணுங்க சார்."

பண்ணினார். உள்ளே மூன்று முறை பீப் அடித்தது.

"ரேம் மெமரி கார்டு சரியா உக்காரல. கழட்டித் துடைச்சுப் போடுங்க."

போட்டார். ஓடியது. அதன்பின் டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் இருப்பதைக் கணினி கடகடவென்று சொல்லச் சொல்லக் கேட்டு, கால் மணி நேரத்தில் அதில் இருந்த கோளாறையெல்லாம் சரிசெய்தார். அந்த வேகத்தில் நாயகத்துக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"டீச்சர், என்னைச் சீடனாச் சேத்துக்கோங்க."

"சீடன்லாம் எனக்கு எதுக்கு? வேலைக்குத்தான் ஆள் வேணும்."

"என்ன வேலைன்னாலும் சொல்லுங்க."

வேலை இருந்தது. விடுதியில் பத்துக் கணினிகள். தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதனால் விண்டோஸ் இருக்க வேண்டும். தமிழ்ப் பாடங்களை வாசித்துக் காட்ட டீச்சருக்கு விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் வேண்டும். ஒரே கணினியில் இரண்டும் இருக்க வேண்டும். எது வேண்டுமோ அதை ஆன் செய்யும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

"முதல்ல ஒண்ணுல போடுங்க. திங்கக்கிழமை மாரிச்செல்வி வந்து உக்காருவா. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பொண்ணு. ஸ்க்ரீன்ல என்ன வந்திருக்குன்னு கேக்க வார்டனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கு வெறுத்துப்போச்சு. இன்னொரு தடவை கூப்பிட வேண்டி வந்தா பரீட்சையே வேண்டாம்னு சொல்லிட்டா. சொன்னதைச் செய்யிற பொண்ணு அவ."

"லினக்ஸ்ல நூறு வகை இருக்கே. எதைப் போட?"

"நீங்கதான் பாத்து எடுக்கணும்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? நாயகம் கடையைப் பாதி நேரம் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று பதினாறு வகையைப் பதினாறு பென் டிரைவில் ஏற்றினார். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். இதற்கு ஐகான் பெரிது, அதற்கு நிறம் மங்கல், இன்னொன்றுக்கு மெனு இடப்பக்கம். வியாழக்கிழமை ராத்திரி ஒன்று மனதில் உட்கார்ந்தது. திரையில் ஒரு ஜன்னலைத் திறந்தால் தண்ணீரில் மிதப்பதுபோல் வந்து நிற்கும்.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் போனார். கோப்புகளைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, பக்கத்தில் லினக்ஸை உட்கார வைத்தார். ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் தொடக்க மெனுவுக்கு மலைச்சாரல் படம் போட்டார். பத்து நொடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் தானாக விண்டோஸுக்குப் போகும். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது.

"டீச்சர், மெனு எவ்வளவு அம்சமா வந்திருக்கு தெரியுமா? எழுத்தெல்லாம் பளிச்னு இருக்கு."

டீச்சர் கையை நீட்டி மானிட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"மானிட்டர் ஒயரைக் கழட்டுங்க சார்."

கழற்றினார்.

"இப்ப லினக்ஸுக்குப் போங்க."

நாயகம் பவரை அழுத்தினார். மின்விசிறி சுற்றியது. வேறு சத்தம் இல்லை. குத்துமதிப்பாகக் கீழ் அம்பை அழுத்தி என்டரைத் தட்டினார். மெனு அப்போது வந்திருக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து விண்டோஸ் பேச ஆரம்பித்தது.

மறுபடி முயன்றார். இந்த முறை நேரம் கடந்துவிட்டது. திரும்பவும் விண்டோஸ்.

மூன்றாம் முறை கணினி எங்கேயோ போய் நின்றது. எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை. நாயகத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"மெனு வந்துச்சா வரலையான்னே தெரியலையே டீச்சர்!"

"எனக்கும் அதான் சார் தெரியல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் நாயகத்தைக் கொன்றது. ஒரு வாரமாகத் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த மெனுவுல பேச்சு வராது. ஆனா பீப் அடிக்க வைக்கலாம். ஒரு வரி சேத்தாப் போதும்," என்றார் டீச்சர்.

நாயகம் அந்த வரியைச் சேர்த்தார். பத்து நொடிக் கணக்கையும் தூக்கினார். மெனுவில் இரண்டே பெயர்களை விட்டுவைத்தார். பீப் கேட்டதும் என்டர் தட்டினால் லினக்ஸ், கீழ் அம்பை ஒரு தடவை அழுத்தி என்டர் தட்டினால் விண்டோஸ். அவசரமே இல்லை, அது காத்திருக்கும்.

பிறகு பதினாறு பென் டிரைவையும் மறுபடி எடுத்தார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகினார். எவ்வளவு நேரத்தில் வாயைத் திறக்கிறது, தமிழ் வாசிக்கிறதா, நடுவில் ஊமையாகிறதா என்று மட்டும் கேட்டார். தண்ணீரில் மிதந்தது மதியத்துக்குள் ஒதுங்கியது. ஞாயிறு சாயங்காலம் இரண்டு மிஞ்சின. அதில் ஒன்றைப் போட்டார். மற்றதைப் போட்டிருக்கலாமோ என்று இரவெல்லாம் புரண்டார்.

திங்கட்கிழமை மாரிச்செல்வி வந்தாள். பீப் சமாச்சாரத்தை டீச்சர் ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நாயகம் வாசலிலேயே நின்றார். கூப்பிட்டால் ஓட வேண்டுமே. பரீட்சையே அவர் தலையில்தான் இருந்தது.

உள்ளே பீப் கேட்டது. ஒரு என்டர் சத்தம். கணினி தமிழில் வணக்கம் சொன்னது. அதன்பின் விசைப்பலகைச் சத்தம் நிற்கவே இல்லை.

பத்து நிமிடம் போயிற்று. அரை மணி நேரம் போயிற்று. அவள் யாரையும் கூப்பிடவில்லை. இருந்தாலும் நாயகத்துக்கு மனது கேட்கவில்லை.

"டீச்சர், கடைசியா ரெண்டு மிஞ்சுச்சு. நான் போட்டது சரிதானா? ரெண்டுல எது உசத்தி?"

"என்கிட்ட ஏன் கேக்கிறீங்க? எதுல உக்காந்திருக்கான்னு அவளையே கேளுங்க."

நாயகம் உள்ளே போனார்.

"ஏம்மா, இது எந்த லினக்ஸ்னு தெரியுதா?"

மாரிச்செல்வி ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"தெரியாது சார். பொருளாதாரத்துல மூணாவது பாடம் ஓடுது. முக்கியமான இடம். எதுவும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாயகம் வெளியே வந்தார்.

"பதில் கிடைச்சுதா சார்?" என்றார் டீச்சர்.

நாயகம் அதே பென் டிரைவை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே நடந்தார். இரண்டாவது கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.