எட்டு முகப் பகடையில் பத்தொன்பது

மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவைத்துவிடலாம். இது பழிவாங்கிய கதை. வாங்கியவர்கள் மூன்று பேர், பரிசு ஒருவருக்குத்தான். யாருக்கு என்று கடைசியில் உங்களைத்தான் கேட்பேன். அதனால் விதிகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் அனீஸின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிறு மதியம் அங்கே நாலு பேர் கூடிக் கதையாட்டம் ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, மதில் ஏறுகிறேன், காவலனை ஏய்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பாத்திரத்தின் பலமும் பலவீனமும் ஒரு தாளில் இருக்கும். பாத்திரம் செத்தால் தாளை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி ஆடியவருக்கு, மறுபாதி வீழ்த்தியவருக்கு. அந்த வீழ்த்தியவரின் பாத்திரத்தைப் பின்னால் யாராவது வீழ்த்தினால், அவர் சேர்த்துவைத்த பாதிகளெல்லாம் அந்தப் புது ஆளுக்குப் போய்விடும். அறையின் வழக்கம் அப்படி.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு கதையை நடத்தியவர் குணசீலன். டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு கோட்டையை வரைந்திருந்தார். அதன் பின்வாசலை மற்ற மூவரும் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதருக்குத் தாங்கவில்லை. அன்று ஆடியது பகடை ஆட்டம், உருட்டும் இருபது முகப் பகடையில் பெரிய எண் விழுந்தால் பாத்திரத்துக்குச் சாவு. அதில் நடத்துபவர் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டலாம், விழுந்தது என்னவென்று அவர் சொல்வதுதான் கணக்கு. டீ குடித்துவிட்டு வந்தவர் மூன்று முறை உருட்டினார். மூன்று முறையும் "பத்தொன்பது" என்றார். மூன்று பாத்திரங்களும் செத்தன.

அதில் ஒருத்தி ஓடக்காரி நீலவேணி. அவளை ஆடியவள் பிலோமினா, ஒரு நர்ஸ். நிஜத்தில் தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிறவள், நீலவேணியாக நாலு வருஷம் காவிரி வெள்ளத்தைக் கடந்தவள். கிழிந்த பாதியைக் கையில் வாங்கியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அறையைக் கூட்டும்போது அவள் மறைப்பைத் தூக்கினாள். அங்கே கிடந்தது எட்டு முகப் பகடை. தலைகீழாக நின்று உருட்டினாலும் அதில் எட்டுக்கு மேல் விழாது. அறையில் இருந்த ஒரே இருபது முகப் பகடை டீ நேரத்திலிருந்து அனீஸின் சட்டைப்பையில் மறதியாகக் கிடந்தது. கையில் இருப்பது எது என்றுகூடப் பார்க்காமல் கணக்கு வாத்தியார் பொய் சொல்லியிருக்கிறார்! பிலோமினா இதை அனீஸிடமும், இன்னொரு பாத்திரத்தை இழந்த பொன்னுரங்கத்திடமும் மட்டும் சொன்னாள். மூவரும் வயிறெரிந்துகொண்டே வாயை மூடியிருந்தார்கள்.

கார்த்திகையில் குணசீலன் ஆட வேண்டிய முறை வந்தது. அவருடைய பாத்திரம் செங்கீரன், ஆறு வருஷத்து வீரன். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் எடுத்துவருவார். ஒரே மதியத்தில் மூன்று விதிநூல்கள், ஆளுக்கொன்றை நடத்துவோம், மூன்றிலும் செங்கீரன் ஆட வேண்டும் என்று மூவரும் கேட்டார்கள்.

"மூணுலயும் தப்பிச்சுக் காட்டுறேன் பாருங்க" என்று சிரித்தார்.

முதலில் அனீஸ், அதே பகடை ஆட்டம். மறைப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எல்லார் கண்முன்னும் உருட்டினான். இரண்டு, ஐந்து, மூன்று. செங்கீரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்து பொன்னுரங்கம். அவன் எடுத்த நூலில் பகடையே கிடையாது. நடத்துபவர் வாயிலிருந்து வந்ததுதான் நடந்தது. ஒரே ஒரு நிபந்தனை, தீங்கு செய்யும் முன் "என்ன செய்கிறாய்?" என்று ஆடுபவரைக் கேட்க வேண்டும்.

"மேலேருந்து பாறை விழுந்துச்சு. செங்கீரன் காலி!" என்று கத்தினான்.

குணசீலன் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். "பன்னெண்டாம் பக்கம் பாரு தம்பி. என்னைக் கேட்டியா? விதின்னா விதிதான்."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் பிலோமினா.

மூன்றாவது அவளுடைய ஆட்டம். அதில் யாரும் யாரையும் கொல்ல முடியாது. நடத்துபவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பாத்திரத்தையும் கேட்கலாம், ஆடுபவரையும் கேட்கலாம். உண்மை சொன்னால் பாத்திரம் பிழைக்கும். பொய் சொன்னால் ஆடுபவரே தன் தாளைக் கிழிக்க வேண்டும்.

"குணா அண்ணே, அன்னைக்கு மறைப்புக்குப் பின்னாடி எந்தப் பகடைய உருட்டுனீங்க?"

அவர் முகம் மாறியது. தாளைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். "இருபது முகந்தான். வேற எது?"

அனீஸ் இருபது முகப் பகடையை மேசையில் வைத்தான். "டீ குடிச்சதுலேருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் இது என் பையிலதான் இருந்துச்சு அண்ணே."

பிலோமினா எட்டு முகப் பகடையை அதன் பக்கத்தில் வைத்தாள். குணசீலன் இரண்டு பகடைகளையும் பார்த்தார். பிறகு உறையிலிருந்து தாளை எடுத்துத் தன் கையாலேயே கிழித்தார்.

கிழித்த உடனே சண்டை மூண்டது. "நான்தான் முதல்ல கொன்னேன்" என்றான் பொன்னுரங்கம். "என் சாட்சி இல்லேன்னா பொய் நின்னிருக்கும்" என்றான் அனீஸ். "தாள் கிழிஞ்சது என் ஆட்டத்துல" என்றாள் பிலோமினா.

இப்போது சொல்லுங்கள். செங்கீரனின் பாதியும், குணசீலன் சேர்த்துவைத்த பாதிகளும் யாருக்கு? இந்த மூவரில் யார் வாங்கிய பழி சரி?

விடை: பிலோமினாதான். அனீஸ் நேர்மையானவன், ஆனால் தன் கோபத்தைப் பகடையிடம் கொடுத்துவிட்டான், பகடைக்கு யார் மேலும் கோபம் கிடையாது. பிறகு அவன் சொன்னது சாட்சி, அடி இல்லை. பொன்னுரங்கம் குணசீலன் செய்ததையே செய்தான், விதியை மீறிக் கொன்றான். பொய்யன் விதிநூலைத் தூக்கிக் காட்ட அவனே இடம் கொடுத்தான். பிலோமினாவின் ஆட்டத்தில் மட்டும் செங்கீரனுக்கு உயிர்பிழைக்க வழி இருந்தது. "எட்டு முகம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வீழ்த்தியது அவள் கேள்வி, ஆனால் அதைச் சொல்ல மனம் வராமல் ஆறு வருஷத்து வீரனைச் சாகவிட்டவர் குணசீலனேதான்.

அவள் மற்ற இருவரின் பாதிகளை அவரவரிடம் கொடுத்தாள். நீலவேணியின் பாதியைத் தன் கைப்பைக்குள் வைத்தாள். "செங்கீரன் பாதியவாவது குடு பிலோமினா, ஒட்டி வெச்சுக்கிறேன்" என்று குணசீலன் கெஞ்சினார். அவள் எட்டு முகப் பகடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுல ஒரு பத்தொம்போது போடுங்கண்ணே, தந்துடுறேன்."